மடிக்குள் நடக்கும் சமையல்: பாலில் கொழுப்பும் சத்தும் எங்கே உருவாகின்றன?

கால்நடைப் பக்கம் – வாசகர் கேள்விகள்

கேள்வி: கலப்பினப் பசு ஒன்று வைத்திருக்கிறோம். கன்று போட்டு இரண்டரை மாதம் ஆகிறது. நாளுக்கு 11 லிட்டர் கறக்கிறது. சங்கத்தில் ஊற்றினால் கொழுப்பு 2.9, எஸ்.என்.எஃப். 7.8 என்று வருகிறது. காசு குறைவது ஒரு பக்கம். "தண்ணி கலந்தியாம்மா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பதுதான் தாங்க முடியவில்லை. காலையும் மாலையும் அரிசி ஊறவைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, தவிடு சேர்த்துக் கொடுக்கிறோம். வைக்கோல் கொஞ்சம் போடுகிறோம். பசும்புல் கிடைத்த நாளில் உண்டு. கறந்து முடித்த பிறகு கன்றை ஊட்ட விடுகிறோம். ஊசி போட்டுக் கறந்தால் சரியாகிவிடும் என்று பக்கத்தில் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகி ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஊசி வேண்டாம். இந்தப் பசுவின் குறை காம்பில் இல்லை. தீவனத் தொட்டியில் ஒரு பங்கும், கறக்கும் முறையில் ஒரு பங்கும் இருக்கிறது. தண்ணீர் கலக்காத பாலிலும் இப்படி எண் இறங்கும். ஏன் இறங்குகிறது என்பது புரிய வேண்டுமானால், பால் எங்கே, எப்படி உருவாகிறது என்பதை ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது. தெரிந்துகொண்டால் எந்தத் தீவனம் எதற்கு என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

மடி தொட்டி அல்ல

வயிற்றில் போன தண்ணீரும் தீவனமும் நேராக மடியில் வந்து பாலாக நிரம்புவதில்லை. மடிக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகள் கோடிக்கணக்கில் உள்ளன. திராட்சைக் கொத்தைப் போல அவை கொத்துக் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு பையின் உட்சுவரிலும் ஒரே வரிசையாகச் செல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பாலைத் தயாரிப்பது இந்தச் செல்கள்தான்.

செல்லின் ஒரு புறம் ரத்தக் குழாய், மறு புறம் பையின் உள்ளறை. ரத்தத்திலிருந்து சரக்கை வாங்கி, உள்ளே பக்குவம் செய்து, மறு பக்கம் பாலாக விடுகிறது. ஒரு லிட்டர் பால் உருவாக 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். பசு நிழலில் படுத்து அசைபோடும்போதும் இந்த வேலை நிற்பதில்லை. இரண்டு கறவைக்கு இடைப்பட்ட நேரம் முழுவதும் பால் ஊறிக்கொண்டே இருக்கிறது.

ரத்தத்தில் பால் கொழுப்பும் இல்லை, பால் சர்க்கரையும் இல்லை, தயிராக உறையும் கேசின் என்ற புரதமும் இல்லை. ரத்தத்தில் இருப்பவை அமினோ அமிலம், குளுக்கோஸ், அசிட்டேட் முதலிய சிறு துண்டுகள். செங்கல்லைக் கொண்டு வீடு கட்டுவதுபோல, இந்தச் சிறு மூலக்கூறுகளைக் கோத்துப் பெரிய மூலக்கூறுகளாக்குவது செல்லின் வேலை. அதற்காகச் செல்லுக்குள் தனித்தனி உறுப்புகள் இருக்கின்றன. கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் அரிசி களைய ஓரிடம், காய் நறுக்க ஓரிடம், அடுப்பு ஓரிடம், பந்திக்கு எடுத்துக் கொடுக்க ஓரிடம் என்று பிரித்துக்கொள்வார்கள் அல்லவா? செல்லுக்குள்ளும் அப்படியே.

புரதம்: கேசின் பிறக்கும் வழி

செல்லின் நடுவில் உட்கரு இருக்கிறது. பரம்பரைத் தகவலில் மிகப் பெரும்பகுதி அங்கேதான், டி.என்.ஏ. வடிவில் இருக்கிறது. மாட்டுக்கு 60 குரோமோசோம்கள். அவற்றில் 6-ஆம் குரோமோசோமில் நான்கு வகைக் கேசினுக்கான மரபணுக்களும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்திருக்கின்றன. இதே மரபணுக்கள் தோல் செல்லிலும், கால் தசைச் செல்லிலும் உண்டு. ஆனால் அங்கே அவை மூடிக் கிடக்கும். மடிச் செல்லில் மட்டும், கன்று போடும் காலத்தில் புரோலாக்டின் முதலிய ஹார்மோன்கள் வந்து அவற்றைத் திறந்துவிடுகின்றன.

மூலப் பத்திரத்தை யாரும் பெட்டியை விட்டு வெளியே எடுத்துப் போக மாட்டார்கள், நகல்தான் எடுப்பார்கள். உட்கருவும் அப்படித்தான் செய்கிறது. கேசின் மரபணுவுக்கு ஒரு நகல் எடுத்து அனுப்புகிறது. அந்த நகலின் பெயர் தூது ஆர்.என்.ஏ.

நகலைப் படித்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோப்பது ரைபோசோம். பூக்கட்டுகிறவர் சரம் தொடுப்பதைப் போல, சொன்ன வரிசை மாறாமல் இது கோத்துக்கொண்டே போகும். பீட்டா கேசின் என்ற ஒரு வகையில் மட்டும் 209 அமினோ அமிலங்கள் உள்ளன. ஒரு ரைபோசோம் இதை ஒரு நிமிடத்துக்குள் கோத்து முடித்துவிடும். இந்த ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் கண்டறிந்ததற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் 1952-இல் பிறந்தவர்.

கோக்கும்போதே சரத்தின் முன்முனையில் ஒரு சிறு துண்டு, "இது வெளியே போக வேண்டிய சரக்கு" என்று காட்டும் முகவரிச் சீட்டுப்போல இருக்கும். அந்தச் சீட்டைப் பார்த்து, ரைபோசோம் எண்டோபிளாச வலை என்ற மடிப்பு மடிப்பான உறுப்பின் மேல் ஒட்டவைக்கப்படுகிறது. சரம் வலைக்குள் நுழைந்ததும் சீட்டு வெட்டி எறியப்படும். புரதச் சரக்குக்கு முதல் சரிபார்ப்பு இந்த வலைக்குள்தான் நடக்கிறது. சரியாக அமையாத புரதத்தைச் செல் வெளியே விடுவதில்லை; பிரித்து அழித்துவிடும்.

அங்கிருந்து சிறு பைகளில் ஏறி அடுத்த இடத்துக்குப் போகிறது. அதற்குக் கோல்கை உறுப்பு என்று பெயர். அடுக்கிவைத்த தோசை போல, தட்டையான பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். இத்தாலி நாட்டு மருத்துவர் கமில்லோ கோல்கை 1898-இல் நரம்புச் செல்லில் இதைப் பார்த்துச் சொன்னதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. கேசினுக்கு இங்கே பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. பாஸ்பேட் ஒட்டிய இடங்களில் கால்சியம் வந்து பிடித்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான கேசின் மூலக்கூறுகள் கால்சியத்தோடு சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாகத் திரள்கின்றன. பால் வெள்ளையாகத் தெரிவது இந்த உருண்டைகளும் கொழுப்புத் துளிகளும் ஒளியைச் சிதறடிப்பதால்தான். உறை ஊற்றினால் புளிப்பு ஏறி, இதே உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தயிராகின்றன.

பிறகு உருண்டைகள் நிறைந்த பை செல்லின் மறு ஓரத்துக்கு நகர்ந்து, செல்சவ்வோடு இணைந்து திறந்துகொள்ளும். சரக்கு பாலில் கலந்துவிடும். இந்த முழுப் பாதையையும் கினியா பன்றியின் கணையச் செல்லில் படிப்படியாகத் தொடர்ந்து பார்த்து நிறுவியவர் ருமேனியாவில் பிறந்த ஜார்ஜ் பலாடே. அவருக்கும் வேறு இருவருக்கும் 1974-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கணையம் செரிமான நீரை அனுப்புவதும், மடி பாலை அனுப்புவதும் ஒரே வழிதான்.

பால் சர்க்கரை: லிட்டரைத் தீர்மானிப்பது இதுதான்

லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் கோல்கை உறுப்புக்குள்ளேயே தயாராகிறது. குளுக்கோஸ் ஒன்றும் காலக்டோஸ் ஒன்றும் இணைந்தால் லாக்டோஸ். லாக்டோஸ் உருவானதும் கோல்கைப் பையை விட்டு அது வெளியேற முடியாது. உப்புத் தடவிய மாங்காயில் நீர் கோப்பதுபோல, உள்ளே மாட்டிக்கொண்ட சர்க்கரை தண்ணீரை இழுக்கும். பாலில் 87 விழுக்காடு தண்ணீர் என்கிறோமே, அந்தத் தண்ணீர் இப்படித்தான் வருகிறது.

ஆகவே பசு எத்தனை லிட்டர் கறக்கும் என்பதை லாக்டோஸ்தான் முடிவு செய்கிறது. குளுக்கோஸ் கூடினால் லாக்டோஸ் கூடும். லாக்டோஸ் கூடினால் அதே அளவுக்குத் தண்ணீரும் கூடும். அதனால்தான் லிட்டர் ஏறினாலும் இறங்கினாலும், நோயில்லாத மடியில் லாக்டோஸ் விழுக்காடு ஏறத்தாழ 4.5-க்கும் 5-க்கும் நடுவிலேயே நிற்கிறது.

ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 70 கிராம் குளுக்கோஸ் வேண்டும். மாட்டின் பெருவயிற்றில் மாவுச்சத்து நொதித்து புரோப்பியோனேட் என்ற அமிலமாகிறது. கல்லீரல் அதை வாங்கிக் குளுக்கோஸ் ஆக்கி ரத்தத்தில் விடுகிறது. தானியம் கொடுத்தால் பால் லிட்டர் கூடுவது இதனால்தான்.

கொழுப்பு: நார் இல்லாமல் இல்லை

கொழுப்புக்குப் பாதை வேறு. வைக்கோல், தட்டை, பசும்புல் ஆகியவற்றின் நார் பெருவயிற்றில் நொதித்து அசிட்டேட் ஆகிறது. அது ரத்தம் வழியாக மடிச் செல்லுக்கு வந்து, அங்கே ஒன்றோடொன்று கோக்கப்பட்டுக் கொழுப்பு அமிலமாகிறது. பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதி இப்படிச் செல்லிலேயே தயாராவது. மீதிப் பாதி, தீவனத்திலும் உடல் கொழுப்பிலும் இருந்து ரத்தம் கொண்டுவருவது. இரண்டையும் எண்டோபிளாச வலை இணைத்துக் கொழுப்புத் துளியாக்குகிறது. துளி ஓரத்துக்கு நகர்ந்து, செல்சவ்வையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு வெளியேறும். பாலில் நெய் தனியாக மிதக்காமல் கலந்து நிற்பது இந்தப் போர்வையால்தான். மோர் கடையும்போது மத்து செய்வது, போர்வையைக் கிழித்துத் துளிகளை ஒன்று சேர்ப்பதே.

இத்தனை வேலைக்கும் அடுப்பெரிப்பது மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பு. சத்துப் பொருளை உயிர்வளியோடு சேர்த்து எரித்து, செல்லுக்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது. பசு பட்டினி கிடந்தால் இங்கே தீ தணியும். கடும் வெயிலில் மூச்சிரைக்கிற பசு தீனியைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் அதே நிலைதான். புரதம், கொழுப்பு, சர்க்கரை மூன்றும் குறையும்.

வாசகியின் பசுவுக்கு என்ன ஆனது?

இப்போது கடிதத்துக்கு வருவோம். கஞ்சியும் தவிடும் அதிகம், நார் குறைவு. மாவுச்சத்து வேகமாக நொதித்ததால் பசு 11 லிட்டர் கொடுக்கிறது. ஆனால் அசிட்டேட் போதவில்லை. கொழுப்புக்குச் செங்கல் இல்லை. போதாததற்குக் கஞ்சியால் பெருவயிற்றில் புளிப்பு ஏறும். மெல்லுவது குறைந்தால் உமிழ்நீரும் குறையும். புளிப்பை ஆற்ற வழியில்லை. புளித்த வயிற்றில் உருவாகும் சில மாறுபட்ட கொழுப்பு அமிலங்கள் மடிச் செல்லுக்குப் போய், கொழுப்புத் தயாரிக்கும் நொதிகளையே அடக்கிவிடுகின்றன. சாணம் தளர்ந்து போவதும், அதில் குமிழி தெரிவதும், படுத்திருக்கும்போது அசைபோடாமல் இருப்பதும் இதற்கு அடையாளம்.

எஸ்.என்.எஃப். என்பது புரதம், லாக்டோஸ், தாது உப்பு மூன்றும் சேர்ந்த கணக்கு. லாக்டோஸ் எளிதில் அசையாது என்று பார்த்தோம். அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புரதத்தை. அரிசியிலும் வைக்கோலிலும் புரதம் சொற்பம். பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே பசுவுக்குப் பெரும்பகுதிப் புரதத்தைத் தருகின்றன. அவற்றுக்கும் தீனி வேண்டும். தழைச்சத்து குறைந்தால் நுண்ணுயிர் பெருகாது. ரைபோசோமுக்குக் கோக்கப் பூ இருக்காது. இரண்டாவதாகச் சந்தேகப்பட வேண்டியது வெளியே தெரியாத மடிநோய். அதைக் கீழே தனிக் கேள்வியில் பார்க்கலாம்.

கன்று போட்டு இரண்டரை மாதம் என்பதும் கவனிக்க வேண்டியது. உச்சக் கறவைக் காலத்தில் எந்தப் பசுவுக்கும் எண் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். போகப் போகக் கூடும். ஆனாலும் 2.9 என்பது பருவத்தால் மட்டும் வந்தது என்று விட்டுவிடக் கூடாது.

கறக்கும் முறை

கறவையின் தொடக்கத்தில் வரும் பாலில் கொழுப்பு 1 முதல் 2 விழுக்காடுதான் இருக்கும். கடைசியில் வரும் பாலில் 5 முதல் 10 வரை போகும். வாசகி வீட்டில் கடைசிப் பாலைக் கன்று குடிக்கிறது. முதல் பால் சங்கத்துக்குப் போகிறது. சோதனை எண் இறங்காமல் என்ன செய்யும்? கன்றுக்கு உரிய பங்கை முதலிலேயே விட்டுவிட்டு, பிறகு மடியை ஒட்டக் கறக்க வேண்டும். கன்றுக்குப் பால் குறையாது; சங்கத்துப் பாலில் கொழுப்பு ஏறும். காலை கறவைக்கும் மாலை கறவைக்கும் இடைவெளி கூடியமட்டும் சமமாக இருக்கட்டும். நீண்ட இரவுக்குப் பிறகு கறக்கும் பால் அளவில் கூடும், கொழுப்பில் குறையும்.

ஊசி ஏன் வேண்டாம்?

மடியில் ஊறியிருக்கும் பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலுள்ள அறையில் இருக்கும். மீதி நுண்ணிய பைகளிலும் சிறு குழாய்களிலும் நிற்கிறது. கன்று முட்டும்போதும், மடியைக் கழுவித் தடவும்போதும் மூளையின் அடியிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்கி, பைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களை இறுக்குகிறது. பசு சுரப்பு விடுகிறது என்பது இதுதான். ஊசியில் இருப்பதும் அதே ஆக்சிடோசின்.

அது பிழிகிறது, தயாரிப்பதில்லை. உட்கருவில் நகல் எடுப்பதோ, ரைபோசோம் கோப்பதோ, கோல்கை பக்குவம் செய்வதோ அதனால் கூடாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தினமும் ஊசி போட்டுப் பழகிய பசு, ஊசி இல்லாமல் சுரப்பு விட மறுத்துவிடும். வலியும் உண்டு, ஊசி சுத்தமில்லை என்றால் நோயும் பரவும். பால் கூட்டுவதற்காகக் கறவை மாட்டின் உடல்நலனைக் கெடுக்கும் ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். பிரசவச் சிக்கல் முதலியவற்றுக்குக் கால்நடை மருத்துவர் தேவை அறிந்து போடுவது வேறு.

இயற்கைச் சுரப்பு மடியைத் தொட்ட ஒரு நிமிடத்தில் தொடங்கி ஐந்து முதல் ஏழு நிமிடம்தான் வலுவாக இருக்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் பசுவை அடித்தாலோ, நாய் குரைத்து மிரட்டினாலோ அட்ரினலின் எழும்பிச் சுரப்பைத் தடுத்துவிடும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

செய்ய வேண்டியவை

1. அரிசிக் கஞ்சியை ஒரே நாளில் நிறுத்தாமல், 7 முதல் 10 நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவும்.

2. முதலில் வைக்கோல் அல்லது சோளத்தட்டை, பிறகு அடர்தீவனம் என்ற வரிசையில் கொடுக்கவும். நாரைத் தூளாக்கிவிட வேண்டாம். மாடு மெல்ல வேண்டும்.

3. நாளுக்குப் பசுந்தீவனம் 15 முதல் 25 கிலோ கிடைக்கும்படி வரப்போரத்திலாவது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், வேலிமசால், அகத்தி வைத்துக்கொள்ளலாம். பயறுவகைத் தழையில் புரதம் அதிகம்.

4. அடர்தீவனம் வீட்டிலேயே கலக்கலாம். 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 35, கடலை அல்லது பருத்திப் புண்ணாக்கு 30, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு 1. பொதுக் கணக்கு 2.5 லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. 11 லிட்டருக்குச் சுமார் 4.5 கிலோ. பசுந்தீவனம் குறைவாக இருந்தால் உடல் பராமரிப்புக்கு மேலும் 1 முதல் 1.5 கிலோ. இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வைக்கவும். பூஞ்சை பிடித்த புண்ணாக்கு வேண்டவே வேண்டாம்.

5. தண்ணீர் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்கு 3 முதல் 5 லிட்டர் தண்ணீர் பசுவுக்குத் தேவை.

6. கன்றுக்கு முதல் பால். சங்கத்துக்கு ஒட்டக் கறந்த பால்.

இவற்றைச் சரியாகச் செய்தால் கொழுப்பு இரண்டு மூன்று வாரத்தில் ஏறத் தொடங்கும். கஞ்சியை விட்டதும் முதல் வாரத்தில் பால் அரை லிட்டர், ஒரு லிட்டர் குறைந்தாலும் பயப்பட வேண்டாம். இரண்டு வாரமும் சோதனை எண்ணை நோட்டில் எழுதிவைத்தால் மாற்றம் தெரியும். சங்கத்தில் யாராவது சந்தேகம் கிளப்பினால், அவர்கள் கண் முன்னாலேயே வீட்டில் கறந்து பால் எடுத்துச் சோதிக்கும்படி கேட்க வாசகிக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: எங்கள் பசுவின் பால் லேசாகக் கரிக்கிறது. மடியில் வீக்கமோ கட்டியோ இல்லை. குடிக்கலாமா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: வெளியே தெரியாத மடிநோயாக இருக்கலாம். மடிச் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகத் தைக்கப்பட்டவை. கிருமி தாக்கினால் அந்தத் தையல் விட்டுப்போகும். ரத்தத்து உப்பு பாலுக்குள் கசியும். பால் சர்க்கரை ரத்தத்துக்குப் போய்விடும். பால் கரிப்பதும், எஸ்.என்.எஃப். இறங்குவதும் இதனால்தான்.

கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று ஒன்று 1957 முதல் வழக்கத்தில் இருக்கிறது. நான்கு குழியுள்ள தட்டில் நான்கு காம்புப் பாலையும் தனித்தனியே பீச்சி, சோதனைத் திரவத்தைச் சம அளவு ஊற்றிச் சுழற்ற வேண்டும். கிருமியோடு போராட வந்த வெள்ளணுக்கள் பாலில் நிறைந்திருந்தால், திரவம் அவற்றைக் கரைத்து உட்கருவில் உள்ள டி.என்.ஏ.வை வெளியே இழுக்கும். பால் கஞ்சிபோலக் குழகுழப்பாகும். எந்தக் காம்பு என்பதும் உடனே தெரிந்துவிடும். கால்நடை மருந்தகத்தில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். சோதித்துத் தெரியும்வரை அந்தப் பாலைத் தனியே கறந்து ஒதுக்கவும். மருந்து போட்டால், மருத்துவர் சொல்லும் நாள்வரை பாலை விற்கவும் கூடாது, வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் கூடாது.

கேள்வி: வெல்லம் கரைத்துக் கொடுத்தால் பாலில் இனிப்பும் சத்தும் கூடுமா?
– வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: கூடாது. வெல்லம் பெருவயிற்றிலேயே நொதித்துவிடும். அப்படியே ரத்தத்துக்குப் போவதில்லை. பால் சர்க்கரையின் விழுக்காடும் எளிதில் மாறாது என்று மேலே பார்த்தோம். தீனி எடுக்காத மாட்டுக்குச் சுவைக்காகச் சிறிது சேர்க்கலாம். அளவு மீறினால் வயிறு புளிக்கும். வெல்லத்துக்கு ஆகும் காசில் புண்ணாக்கு வாங்குவது மேல்.

கேள்வி: பசு எட்டு மாதச் சினை. இன்னும் நாலு லிட்டர் கறக்கிறது. வருகிற பாலை ஏன் விட வேண்டும் என்கிறார் மாமியார். வற்ற விட வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: மாமியார் சொல்வதில் உள்ள கணக்கு நியாயம்தான், நாலு லிட்டர் காசு சின்னத் தொகை அல்ல. ஆனால் கன்று போடுவதற்கு 60 நாள் முன்பாவது கறவையை நிறுத்த வேண்டும். கறவை நின்றதும் தேய்ந்த மடிச் செல்களுக்குள் லைசோசோம் என்ற உறுப்பு வேலையைத் தொடங்கும். செரிக்கும் நொதிகள் நிறைந்த பை அது. பழைய பாகங்களை உடைத்து, பயன்படும் சரக்கைத் திருப்பிக் கொடுக்கும். பிறகு புதிய செல்கள் வளர்ந்து அந்த இடத்தை நிரப்பும். ஓய்வு கொடுக்காத மடி அடுத்த ஈற்றில் குறைவாகவே கறக்கும். இரண்டு மாதம் விடுகிற பாலை அடுத்த ஈற்றில் பசு திருப்பிக் கொடுத்துவிடும் என்று மாமியாரிடம் சொல்லலாம்.

வயிற்றில் இருக்கும் கன்று வேகமாக வளர்வதும் இந்தக் கடைசிக் காலத்தில்தான். சீம்பாலும் இப்போதே மடியில் சேரத் தொடங்கும். அதில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதத்தின் பெரும்பகுதி, ரத்தத்திலிருந்து மடிச் செல் வழியாகப் பைப்பையாகக் கடத்தப்பட்டு வருவது. பிறந்த கன்றின் குடல் அந்தப் பெரிய புரதத்தை உடைக்காமல் அப்படியே வாங்கிக்கொள்வது ஏறக்குறைய முதல் 24 மணி நேரம்தான். அதிலும் நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே வரும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காமல், பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலைக் கொடுத்துவிட வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போயிருந்தால், அந்தக் கன்று நோய்நொடியைத் தாங்கி நிற்கும்.